எழுத்து: பிறவிக் குணமா, கைப்பழக்கமா?

'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்ற அடி தெரியாத தமிழர் குறைவு. ஆனால் ஔவையார் பெயரில் வழங்கும் அந்தத் தனிப்பாடல் எங்கே போய் முடிகிறது என்று கேட்டால் பலருக்கு நினைவு வராது. கல்வி மனப்பழக்கம், நடை நடைப்பழக்கம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, 'நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்' என்று முடிக்கிறது பாட்டு. இரண்டு கூடை வைத்துக்கொண்டு பிரித்துப் போடுவது மாதிரி. பழகினால் வருவது ஒரு கூடை, பிறக்கும்போதே கூட வருவது இன்னொரு கூடை. மொழியைக் கொஞ்சமும் தயங்காமல் முதல் கூடையில் போட்டுவிட்டது.

அதே நாம்தான், யாராவது நன்றாக எழுதிவிட்டால் 'அதெல்லாம் பிறவியிலேயே வரணும்' என்கிறோம். மடைப்பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காளமேகத்தின் வாயில் அம்பிகை தாம்பூலத்தை உமிழ்ந்தாள், அந்த நொடியிலிருந்து கவிமழை என்று கதை சொல்கிறோம். காளிதாசன் கதையும் ஏறக்குறைய அதே அச்சுதான். முந்தின நாள் வரை ஒன்றும் தெரியாதவன், மறுநாள் மகாகவி. இந்த மாதிரிக் கதைகளில் ஒன்றைக் கவனிக்கலாம். எதிலும் வாத்தியார் வரமாட்டார். வந்தால் கதை சுவைக்காது.

கவிதையியல் எழுதியவர்கள் இவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. ஏழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் காஞ்சியில் வாழ்ந்த தண்டி, காவியாதர்சத்தில் மூன்று காரணங்களைச் சொல்கிறார். இயல்பாகவே அமைந்த படைப்பாற்றல் (அவர் சொல் பிரதிபை), தெளிவாகக் கற்ற விரிந்த கல்வி, சலியாத முயற்சி. மூன்றும் சேர்ந்தால்தான் கவிதை என்கிறார். அடுத்த சுலோகத்திலேயே கொஞ்சம் இறங்கி வருகிறார்: முற்பிறவி வாசனையால் வரும் அந்த ஆற்றல் இல்லாதவனாக இருந்தாலும், கல்வியாலும் முயற்சியாலும் வாக்தேவியை விடாமல் வழிபட்டால் ஏதோ கொஞ்சம் அருள் நிச்சயம் கிடைக்கும். வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆசிரியர் சேர்த்துக்கொண்ட வரி மாதிரி இருக்கிறது எனக்கு. அப்புறம் பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து மம்மடர் வந்து, ஆற்றலும் புலமையும் பயிற்சியும் மூன்று தனித்தனிக் காரணங்கள் அல்ல, மூன்றும் கூடி ஒரே காரணம் என்று ஒருமையில் சொல்லிவிட்டார். இவர்களுக்கெல்லாம் முன்பே, உரோமாபுரியில் ஹொரஸ் என்ற கவிஞர் இதே கேள்வியைக் கேட்டு இதே பதிலைச் சொல்லியிருக்கிறார். உள்ளே வளம் இல்லாத உழைப்பும் பயன்படாது, பண்படாத திறமையும் பயன்படாது என்று.

சரி, ஈராயிரம் வருடத்துக்கு முன்பே தீர்ந்த வழக்கு ஏன் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது? 'எழுத்துத் திறமை' என்று ஒற்றைச் சொல் நம்மிடம் இருப்பதால், அது ஒற்றைப் பொருள் என்று நினைத்துக்கொள்கிறோம். அதைப் பிரித்துப் பார்த்தால் பிறவிக் கூடைக்குப் போக வேண்டியது வேறு ஏதோ ஒன்று என்று தெரியவரும் என்பது என் எண்ணம்.

முதலில் உயிரியல் பக்கம். 1871-இல் வெளிவந்த நூலில் டார்வின் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். பேசுவதற்கு மனிதனிடம் இயல்பூக்கம் இருக்கிறது, குழந்தைகளின் மழலையே அதற்குச் சாட்சி. ஆனால் எந்தக் குழந்தைக்கும் மது வடிக்கவோ ரொட்டி சுடவோ எழுதவோ இயல்பூக்கம் கிடையாது. எழுத்தை அவர் எதோடு சேர்த்திருக்கிறார் பாருங்கள், அடுப்படி வேலையோடு. அதில் நியாயம் இருக்கிறது. பேச்சின் வயது எத்தனை பழையது என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியாது. எழுத்துக்கு ஐயாயிரம் ஆண்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மெசபடோமியாவின் உருக் நகரத்தில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலும் தானியக் கணக்கும் ஆட்டுக் கணக்கும்தான் இருக்கின்றன. கவிதை வருவதற்கு அப்புறம் பல நூற்றாண்டு ஆனது. அதற்குப் பிறகும் சில தலைமுறைக்கு முன்வரை உலகத்தில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாமலேயே வாழ்ந்து முடிந்தார்கள். எழுதுவதற்கென்று ஒரு உறுப்பையோ ஒரு மரபணுவையோ வார்த்தெடுக்கப் பரிணாமத்துக்கு இந்த அவகாசம் போதாது.

மூளை என்ன செய்கிறதென்றால், வேறு வேலைக்கு இருந்த இடத்தை எழுத்துக்கு ஒதுக்கிக்கொள்கிறது. இடது பக்கம், பின்புறம், அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு பரப்பு, படிக்கக் கற்றவர்களிடம் மட்டும் எழுத்துகளைக் கண்டால் துடிப்பாகிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் பிரேசில், போர்ச்சுகல் நாடுகளைச் சேர்ந்த 63 பேரைப் பார்த்தார்கள். படிக்காதவர்கள், சிறுவயதில் படித்தவர்கள், வளர்ந்த பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்கள் என்று மூன்று வகையினர். மூன்றாம் வகையினரிடமும் அந்தப் பரப்பு வேலை செய்யத் தொடங்கியிருந்தது. காலம் கடந்து கற்றாலும் மூளை இடம் கொடுக்கிறது.

இதை வைத்துக்கொண்டு 'அப்படியானால் எல்லாம் பயிற்சிதான்' என்று சொல்லவும் முடியாது. எழுத்து தானாக நிற்பதல்ல. ஒலியைப் பிரித்துக் கேட்கும் காது, சொல்லை வைத்திருக்கும் நினைவு, ஒரு விஷயத்தில் உட்கார்ந்திருக்கும் கவனம் ஆகியவற்றின் முதுகில் ஏறிக்கொண்டுதான் வருகிறது. இவை ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன, அதில் பிறப்புக்கும் பங்கு உண்டு. எழுத்துகளைப் படிப்பதில் ஏற்படும் டிஸ்லெக்சியா என்ற சிரமத்தோடு தொடர்புள்ள 42 இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டதாக 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. எழுத்துக்கான பொத்தான் என்று ஒன்றை யாரும் கண்டுபிடிக்கவில்லை, பல சிறு சாய்வுகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இரட்டையர் ஆய்வுகளையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் 'பிறவிதான்' என்பவர்கள் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். ஒரே கரு இரண்டானதால் பிறந்த இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய ஒன்றே. இரண்டு கருவாக உருவானவர்கள் சாதாரண உடன்பிறப்புகளைப் போலத்தான். முதல் வகையினர் ஒரு திறமையில் ஒருவரை ஒருவர் அதிகம் ஒத்திருந்தால், அந்த அதிகத்தை மரபின் கணக்கில் எழுதுவார்கள். நெதர்லாந்தில் 1,685 இரட்டையர் ஜோடிகளிடம் இசை, ஓவியம், எழுத்து, சதுரங்கம், கணக்கு என்று பல துறைகளைப் பற்றிக் கேட்டு 2009-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். துறைக்குத் துறை 32 முதல் 71 விழுக்காடு வரை மரபின் பங்கு என்றது அது. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் எப்படி அளந்தார்கள்? 'இந்தத் துறையில் நீங்கள் எப்படி?' என்று அவர்களிடமே கேட்டார்கள். எழுதச் சொல்லி வாங்கிப் பார்க்கவில்லை. தன் எழுத்தைப் பற்றித் தானே சொல்லும் மதிப்பெண்ணில் எவ்வளவு எழுத்து, எவ்வளவு தன்னம்பிக்கை? கைப்பிரதிகளைப் படிக்கும் வேலையில் இருப்பவர்கள் இந்தக் கேள்விக்குச் சிரிப்பார்கள்.

அந்த விழுக்காட்டைப் புரிந்துகொள்வதிலும் ஒரு வழுக்கல் உண்டு. 'ஐம்பது விழுக்காடு மரபு' என்றால் உங்கள் திறமையில் பாதி அம்மா அப்பா கொடுத்தது, பாதி நீங்கள் சம்பாதித்தது என்று பொருளல்ல. ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் ஏற்றத்தாழ்வில் எவ்வளவை மரபணு வேறுபாட்டோடு பொருத்த முடிகிறது என்பதே அந்த எண். கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளி, ஒரே நூலகம், ஒரே அளவு ஓய்வு நேரம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கும் வேறுபாட்டில் பெரும்பகுதி பிறப்பால் வந்ததாகவே கணக்கில் ஏறும். பாதிப் பேருக்குப் புத்தகமே கிடைக்காத இடத்தில் அதே எண் மளமளவென்று இறங்கிவிடும்.

எதிர்க்கட்சியின் ஆயுதம் பத்தாயிரம் மணி நேரம். 1993-இல் பெர்லின் இசைக் கல்விக்கூடத்தின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து எரிக்சனும் அவர் குழுவினரும் எழுதிய கட்டுரையிலிருந்து புறப்பட்டது அது. மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து பயின்றிருந்தார்கள். சராசரியாக என்ற சொல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. பதினைந்து ஆண்டு கழித்து ஒரு புகழ்பெற்ற புத்தகத்தின் மூலம் உலகம் சுற்றி வந்தபோது அது ஒரு விதியாகவே ஆகியிருந்தது. இத்தனை மணி நேரம் போடு, மேதை ஆவாய். 2014-இல் இப்படிப்பட்ட 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். திறமையில் காணும் வேறுபாட்டில் பயிற்சி விளக்கியது சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 விழுக்காடு, இசையில் 21, விளையாட்டில் 18, கல்வியில் 4, தொழில்களில் ஒன்றுக்கும் கீழே.

கடைசி எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம். தொழில்களில் எது பயிற்சி, எது வேலை என்று பிரிப்பதே கடினம். எழுத்தில் அது இன்னும் கடினம். நான் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது.

வயலின் பயிற்சி காதில் விழும். அக்கம்பக்கத்தார் காதிலும் விழும். எத்தனை மணிக்குத் தொடங்கினான், எப்போது நிறுத்தினான் என்று கணக்கு வைக்கலாம். எழுத்துப் பயிற்சியை யாரும் கேட்டதில்லை, பார்த்ததும் இல்லை. மடியில் உட்கார்ந்து கதை கேட்ட இரவுகள் அந்தக் கணக்கில் வருமா? தப்பு செய்துவிட்டு நம்பும்படியாகப் பொய் சொல்லப் பழகியது? படிக்க வேண்டிய புத்தகத்துக்குள் வைத்துப் படித்த இன்னொரு புத்தகம்? கோபத்தில் எழுதி, அனுப்பாமல் கிழித்த கடிதம்? பத்துப் பதினைந்து வருடம் இப்படி ஓடியிருக்கும். பிறகு ஒரு நாள் அந்தப் பெண் ஒரு கதை எழுதிக் காட்டுவாள். பார்த்தவர்கள் 'எங்கேயும் கற்றுக்கொள்ளாமலேயே எழுதுகிறாளே' என்பார்கள். கற்றுக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வேறு கலைகளை விட எழுத்தில் 'பிறவி' என்ற பேச்சு அதிகம் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

பிறவி மேதைக்கு எடுத்துக்காட்டாகப் பிரெஞ்சுக் கவி ரேம்போவைச் சொல்வார்கள். பதினாறு பதினேழு வயதில் உலகம் வியக்கும் கவிதைகள், இருபத்தொன்றை ஒட்டி எழுத்தையே விட்டாயிற்று. பயிற்சிக்கு இடம் எங்கே? இடம் இருந்தது. பள்ளியில் அவர் லத்தீன் செய்யுள் எழுதுவதில் கெட்டிக்காரர். 1869-இல், பதினான்கு வயதில், வட்டாரப் போட்டியில் லத்தீன் கவிதைக்கு முதல் பரிசு வாங்கியவர். அந்தக் காலத்துப் பள்ளிகளில் லத்தீன் செய்யுள் என்றால் கொடுத்த பொருளை, அளந்த யாப்பில், பழங்கவிகளின் நடையில் திரும்பத் திரும்பக் கட்டிப் பழகுவது. நம் பக்கத்து ஆசுகவிகளும் அப்படித்தான். ஈற்றடி கொடுத்தால் நின்ற இடத்தில் வெண்பா பாடிய புலவர்கள், அதற்கு முன் நிகண்டை நெட்டுரு போட்டவர்கள், அந்தாதியும் கலம்பகமுமாக மனப்பாடம் செய்தவர்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுள்களைச் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவார்களாம். உ.வே.சா. அதை எழுதி வைத்திருக்கிறார். பார்ப்பவருக்கு அருள் வந்து பாடுவது போல இருக்கும். ஆனால் அவருடைய தகப்பனாரே தமிழாசிரியர், சிறு வயதிலேயே பாடம் தொடங்கிவிட்டது.

பயிற்சியாலேயே எல்லாம் ஆகிவிடும் என்றும் சொல்ல விடாத ஒரு வீடு இருக்கிறது. இங்கிலாந்தின் ஹாவொர்த் என்ற ஊரில், பிராண்டி குடும்பத்தின் வீடு.

1826-இல் பாதிரியார் பேட்ரிக் பிராண்டி தன் மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய் பொம்மைகள் வாங்கி வந்தார். அக்கா ஷார்லட்டுக்குப் பத்து வயது. பிரான்வெல்லுக்கு ஒன்பது ஆகப்போகிறது. தங்கைகள் எமிலிக்கு ஏழு, ஆனுக்கு ஆறு. ஆளுக்கு ஒரு சிப்பாயை எடுத்துக்கொண்டு பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததும் கதை வந்தது. கதை வந்ததும் அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு நாடு வேண்டியிருந்தது. நாடு வந்ததும் அதற்குப் பத்திரிகை வேண்டியிருந்தது. சிப்பாய்கள் கையில் பிடித்துப் படிக்கும் அளவில், தீப்பெட்டி சைஸில், கிடைத்த தாள்களை மடித்துத் தைத்துப் புத்தகம் செய்தார்கள். அச்சு மாதிரியே தெரிய வேண்டும் என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு அவற்றைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். கதை, கவிதை, விளம்பரம், புத்தக மதிப்புரை எல்லாம் அதில் உண்டு. இந்த விளையாட்டு வாரக் கணக்கில் ஓடி நின்றுவிடவில்லை, பெரியவர்களாகிய பிறகும் தொடர்ந்தது. மூத்த இருவரும் அங்க்ரியா என்றொரு நாட்டையும், சின்னவர்கள் இருவரும் கோண்டல் என்றொரு நாட்டையும் வளர்த்தார்கள். எந்த எழுத்துப் பட்டறையும் இவ்வளவு பயிற்சி கொடுக்க முடியாது.

1847-இல் ஷார்லட், எமிலி, ஆன் மூவரின் நாவல்களும் வெளிவந்தன. மூன்றும் இன்றுவரை அச்சில் இருக்கின்றன. பிரான்வெல்? உள்ளூர்ச் செய்தித்தாள்களில் சில கவிதைகள் வந்தன. 1848-இல், குடியும் அபினும் தின்ற உடம்போடு, 31 வயதில் இறந்துபோனார். சிப்பாய்களின் சொந்தக்காரர் அவர்தான். பத்திரிகையைத் தொடங்கியவரும் அவர்தான்.

ஒரே இரத்தம், ஒரே வீடு, ஒரே பயிற்சி. ஆக, இரண்டு கட்சிக்கும் இந்த வீட்டில் இடமில்லை. உடன்பிறந்தவர்களிடையே மரபணு பாதிதான் பொது என்று ஒரு கட்சி இழுக்கலாம். ஆண்பிள்ளை மீது ஏற்றி வைத்த எதிர்பார்ப்பின் பாரத்தை இன்னொரு கட்சி காட்டலாம். இரண்டிலும் உண்மை இருக்கலாம். நான் பார்ப்பது அவர்கள் எழுதிய கடிதங்களை. 1835-இல் பிரான்வெல் ஒரு பிரபல பத்திரிகைக்கு எழுதினார்: உங்கள் எழுத்தாளர் ஒருவர் இறந்துவிட்டார், அந்த இடத்துக்கு நான் வருகிறேன் என்ற தோரணையில். பதில் வரவில்லை. 1837-இல் ஷார்லட் தன் கவிதைகளை அரசவைக் கவிஞர் சௌதிக்கு அனுப்பினார். இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று பதில் வந்தது. படிக்கும் நமக்கே எரிகிறது. ஷார்லட் அந்தக் கடித உறையின் மேல், சௌதியின் அறிவுரை, என்றைக்கும் வைத்திருக்க வேண்டியது என்று எழுதிப் பத்திரப்படுத்தினார். அப்புறம் எழுதிக்கொண்டே இருந்தார். முதல் நாவல் பதிப்பகம் பதிப்பகமாகத் திரும்பி வந்தது. கடைசியில் ஒரு பதிப்பகம் மட்டும், இது வேண்டாம், ஆனால் மூன்று பாகமாக ஏதாவது இருந்தால் பார்க்கிறோம் என்று குறைகளையும் விவரித்து மரியாதையாக எழுதியது. சில வாரங்களுக்குள் அவர் அடுத்த நாவலை அனுப்பினார். அதுதான் ஜேன் அயர்.

எழுத்தில் பிறவியோடு வருவது ஏதாவது உண்டென்றால் அது இந்தப் பக்கம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. வாக்கியம் கட்டும் திறனில் அல்ல, கட்டிய வாக்கியத்திடம் மறுபடி போகும் குணத்தில். தன் எழுத்து தனக்கே உறுத்துவது, உறுத்தினாலும் அதை விட்டு எழுந்து போகாமல் இருப்பது. இந்த இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம். உறுத்தல் மட்டும் இருப்பவர்கள் எழுதுவதையே நிறுத்திவிடுவார்கள். உறுத்தலே இல்லாதவர்கள் நிறுத்தவே மாட்டார்கள்.

இசை ஆய்வு ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. ஸ்வீடனில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இரட்டையர்களை வைத்து 2014-இல் வெளியான ஆய்வு அது. எவ்வளவு பயில்கிறார்கள் என்பதிலேயே மரபின் பங்கு 40 முதல் 70 விழுக்காடு வரை இருந்தது. அதாவது உட்கார்ந்து பயிலும் குணமே ஓரளவு பிறப்போடு வருகிறது. பிறவி ஒரு தட்டில், பயிற்சி இன்னொரு தட்டில் என்று தராசு பிடித்தவர்களுக்கு இது பெரிய சங்கடம். பயிற்சித் தட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பிறவி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்தைப் பற்றிய ஆய்வு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எழுத்தில் இது வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மற்றவை எல்லாம் கற்கக்கூடியவை, அதிலும் பெரும்பகுதி சலிப்பூட்டும் முறையில். பெஞ்சமின் பிராங்க்ளின் அதை எப்படிச் செய்தார் என்று தன் வரலாற்றில் படிப்படியாகச் சொல்லியிருக்கிறார். அச்சகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன். நண்பனோடு கடிதத்தில் நடத்திய வாதத்தை அப்பா பார்த்துவிட்டு, எழுத்துப்பிழை இல்லை, நிறுத்தக்குறி சரி, ஆனால் நடையில் நயமில்லை, ஒழுங்கில்லை, தெளிவில்லை என்று இடம் சுட்டிச் சொன்னார். பையன் ஒரு நல்ல பத்திரிகையின் பழைய தொகுதியை எடுத்து வைத்துக்கொண்டான். ஒரு கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சிறு குறிப்பு எடுப்பான். சில நாள் அதை மறந்துவிடுவான். பிறகு புத்தகத்தைத் திறக்காமல், குறிப்பை மட்டும் வைத்து அந்தக் கட்டுரையைத் தன் சொற்களில் எழுதுவான். மூலத்தைத் திறந்து ஒப்பிடுவான். சொல்வளம் போதவில்லை என்று தெரிந்ததும் சில கட்டுரைகளைச் செய்யுளாக்கினான். செய்யுளில் எதுகைக்காகவும் சீருக்காகவும் ஒரே பொருளுக்குப் பல சொல் தேட வேண்டிவரும் அல்லவா, அதற்காக. பிறகு மூலம் மறந்ததும் அந்தச் செய்யுளைத் திரும்பவும் உரைநடையாக்கினான். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, சில வாரம் கழித்து வரிசைப்படுத்தினான். ஒழுங்கு பழக வேண்டும் என்பதற்காக. இதில் அருளும் இல்லை, ஆவேசமும் இல்லை. வேலைக்குப் போகும் முன்பும் முடிந்து வந்த பின்பும் செய்த வீட்டுப்பாடம். ஆனால் தினமும் அதில் போய் உட்காரச் சொன்னது எது? அப்பா ஒரு நாள்தான் சொன்னார்.

கற்பித்தல் ஆய்வுகளும் பிராங்க்ளின் பக்கமே சாய்கின்றன. நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான மாணவர்களுக்கு எழுத்து கற்பித்த முறைகளை 2007-இல் தொகுத்து ஒப்பிட்டபோது, திட்டமிடுவதையும் திருத்துவதையும் வெளிப்படையாகச் செய்துகாட்டிக் கற்பித்தது நல்ல பலன் தந்திருந்தது. சுருக்கி எழுதப் பழக்கியதும் அப்படியே. இலக்கணத்தைத் தனியாக வைத்துப் பாடம் நடத்தியது எழுத்தை மேம்படுத்தவில்லை. இதைச் சொன்னால் இலக்கண ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். இலக்கணம் வேண்டாம் என்பதல்ல, அது மட்டும் எழுத்தாகிவிடாது. 1987-இல் பெரைட்டர், ஸ்கார்டமேலியா என்ற இருவர் இன்னொரு வேறுபாட்டைக் காட்டினார்கள். புதிதாக எழுதுபவர் தெரிந்ததைத் தெரிந்த வரிசையில் கொட்டிவிட்டுப் பேனாவை மூடுகிறார். தேர்ந்தவர் எழுத எழுதத் தான் நினைத்ததையே மாற்றிக்கொள்கிறார். அதனால் அவருக்கு எழுத்து சுலபமாவதில்லை, இன்னும் கடினமாகிறது. நன்றாக எழுதுகிறவர்களுக்கு மளமளவென்று வரும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. பெனலோப் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற ஆங்கில எழுத்தாளரின் முதல் புத்தகம் 1975-இல், அவருடைய 58-ஆவது வயதில் வந்தது. நான்கே ஆண்டில் புக்கர் பரிசு வாங்கினார். தாமதமாகப் பூத்த மேதை என்றார்கள். அதற்கு முன் அவர் பத்திரிகை ஒன்றை நடத்தியிருக்கிறார், பல வருடம் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத கணக்கு என்று சொன்னேனே, அதுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பல வருடமாக அடுத்தவர் எழுத்தைத் திருத்தும் வேலை பார்க்கிறேன். சிலரது வாக்கியங்கள் முதல் கைப்பிரதியிலேயே தானாக நடக்கும். எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லில் முடிய வேண்டும் என்பது அந்தக் காதுக்குத் தெரிந்திருக்கும். கற்றுக்கொடுத்து வந்தது மாதிரி இருக்காது. பிறப்பா, மூன்று வயதில் கேட்ட தாலாட்டா என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் அப்படிக் காது வாய்த்தவர்களில் பலர் இரண்டு மூன்று படைப்போடு காணாமல் போயிருக்கிறார்கள். ஒரு சொல்லைத் தொட்டாலும் முகம் சுருங்கிவிடும், 'எனக்கு அப்படித்தான் வந்தது' என்பார்கள். காது இல்லாத சிலர், நம் பொறுமையைச் சோதித்தாலும், பத்து வருடத்தில் படிக்கக்கூடிய எழுத்தாளர்கள் ஆகியிருக்கிறார்கள்.

ஒருமுறை ஒரு பெண்மணி தன் அண்ணனின் மறைவைப் பற்றி ஒரு நினைவுக் குறிப்பு அனுப்பியிருந்தார். முதல்முறையாக எழுதுகிறவர். தொடக்க வரி இது: 'அண்ணனின் மரணச் செய்தியைக் கேட்டு நான் மிகுந்த மனவேதனை அடைந்தேன்.' பிழை ஒன்றும் இல்லை. ஆனால் யாருடைய அண்ணனுக்கும் பொருந்தும். ஓரத்தில், 'அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினேன். நான்கு நாள் கழித்து வந்தது: 'செய்தி வந்தபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மிகுந்த வேதனையோடு மீதிப் பாத்திரங்களையும் கழுவி முடித்தேன்.' அது வரி. பாதிக்கு மேல் வந்துவிட்டார். நான் பதில் எழுதுவதற்குள் அவரே மறுநாள் இன்னொன்று அனுப்பியிருந்தார், 'மிகுந்த வேதனையோடு' இல்லாமல். 'செய்தி வந்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மீதிப் பாத்திரங்களையும் கழுவி முடித்தேன்.' 'நான்' என்பதையும் எடுத்துவிட்டிருந்தார். அதை நான் சொல்லவில்லை.

பாத்திரம் கழுவியதைக் கவனித்து வைத்திருந்தது அவருடைய மனம். கேள்வி என்னுடையது, யாரும் கேட்டிருக்கக்கூடியது. வேதனையைச் சொல்லாமல் விட்டால்தான் வேதனை தெரியும் என்பது பல தலைமுறையாகக் கைமாறி வரும் தொழில் நுணுக்கம், பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஒரு ராத்திரி முழுக்க அந்த இரண்டு சொல் அவரை உறுத்தியிருக்கிறதே, அதை எந்தக் கூடையில் போடுவது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

இதழ் அச்சுக்குப் போன அன்று மாலை அவரிடமிருந்து இன்னொரு செய்தி. 'மீதிப் பாத்திரங்கள்' என்பதை 'மிச்சப் பாத்திரங்கள்' என்று மாற்ற முடியுமா, வீட்டில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்று கேட்டிருந்தார். முடியாது, அச்சாகிவிட்டது என்று பதில் போட்டேன். மாற்றியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.